அக்காவுக்குப் போட்ட மருந்து

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் சோடாக்கடை வைத்திருந்த தேசப்பனுக்கு ஒரு குணம். உலகத்தில் எந்த மூலையில் எவன் எதைக் கண்டுபிடித்தாலும், தன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கண்டுபிடித்தான் என்பது போலப் பேசுவான். சண்டை முடிந்த மறுவருஷம் அது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பெஞ்சில் போட்டுவிட்டுப் போகிற பேப்பர்களைப் பொறுக்கி வந்து, ஒரு வரி விடாமல் படித்து, மடித்து சோடாப் பெட்டிக்கு அடியில் வைப்பான். அணுகுண்டா, அவனைக் கேட்கலாம். இருட்டில் ஆகாய விமானத்தைக் காட்டிக்கொடுக்கிற யந்திரமா, அதையும் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவான், அதுதான் தொல்லை. மலைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் தாகத்துக்கு ஒரு கோலி சோடா குடிக்க ஒதுங்கினால், கொசுவை ஒழிக்கப் புதிதாக வந்திருக்கிற பொடியைப் பற்றி முழுசும் தெரிந்துகொள்ளாமல் நகர முடியாது.

"காஸு இல்லாம சோடா ஏது? நானும் சயன்ஸுலதான்யா இருக்கேன்" என்பான். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

அப்பேர்ப்பட்டவனிடம் பெனிசிலின் சமாசாரம் அகப்பட்டால் விடுவானா? பூசணத்திலிருந்து மருந்தாம்! கெட்டுப்போன பண்டத்தின் மேல் பூக்கிறதே, அதே பூசணமாம். சீழ் பிடித்த புண்ணெல்லாம் அதைக் கண்டால் ஓடிப்போகிறதாம். பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கும் ஊசியாகப் போடுகிறார்களாம். தேசப்பன் அந்தத் துண்டுச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கெல்லாம் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு பானை கேழ்வரகுக் களியைத் தூக்கிக்கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் எப்போதும் ஈரமாக இருக்கிற மூலையில், நனைந்த கோணிக்கு அடியில் வைத்தான். நாலைந்து நாளில் அதன்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூத்தது. அவன் முகமும் கூடவே பூத்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் பெண்டாட்டி வரலட்சுமியின் கையில் பாட்டில் வெடித்தது. காஸ் ஏற்றின பாட்டிலை எடுத்து அடுக்கும்போது படாரென்று போய், கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முதலில் மஞ்சளை வைத்துக் கட்டினாள். கை வீங்கியது. சீழ் வைத்தது. முழங்கை வரைக்கும் சிவந்து, ராத்திரியெல்லாம் அனத்தினாள். தர்மாஸ்பத்திரி டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து அவள் அம்மா பூவம்மாள் ஓடிவந்து, மலைமேல் இருந்து சாமியின் சந்தனம் வாங்கி வந்தேன் என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். திருத்தணி சந்தனம் நெற்றிக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும் மருந்து என்பது அந்தப் பக்கத்துக்கே தெரியும். தேசப்பன் களிப் பூசணத்தை வழித்து எடுத்துப் புண்ணின் மேல் அப்பிக் கட்டினான்.

கை ஆறிவிட்டது! விரல் ஐந்தும் மடங்கி நீண்டு, பழையபடி பாட்டில் கழுவ வந்துவிட்டாள். டாக்டர் தன் மாத்திரை கேட்டது என்றார். வரலட்சுமி சாமி சந்தனம் என்றாள். வேடிக்கை என்னவென்றால், சந்தனம் கொண்டுவந்த பூவம்மாளே, "எல்லாம் மாப்ள மருந்துதாங்க" என்று சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிற வீடு ஒன்று விடாமல் போய்ச் சொல்லியும் வைத்தாள். மாமியார் வாயால் பாராட்டு வாங்கின மருமகன் ஊரில் எத்தனை பேர்? தேசப்பனுக்குத் தலை கால் புரியவில்லை.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மழைக்காலம் பிறந்ததும் ஒரு காலையில் கட்டை வண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே வரலட்சுமியின் தம்பி ராஜவேலு படுத்திருந்தான். பக்கத்தில் பூவம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

தறிக்குழியில் உட்கார்ந்து மிதியை மிதிக்கும்போது ஆணி ஒன்று ராஜவேலுவின் பாதத்தில் ஏறியிருக்கிறது. லுங்கி ஆர்டர் அவசரம். துணியைச் சுற்றிக்கொண்டு அதே காலால் மிதித்திருக்கிறான். இப்போது கால் கெண்டைச்சதை வரைக்கும் கருஞ்சிவப்பாக மினுமினுத்தது. கிட்டே போனால் வாடை.

தர்மாஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டினார்கள். டாக்டர் பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு தேசப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க என்கிட்ட இதுக்கு மருந்தில்ல. மத்தியான ரயில்ல மெட்ராஸுக்குக் கொண்டு போ. அந்தப் புது ஊசி இருக்குது, போட்டா பொழைக்கலாம். நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தே, காலும் போவும், ஆளும் போவான்."

தேசப்பன் அதை அப்படியே வந்து சொன்னான். காலும் போவும் என்கிற இடத்திலேயே ராஜவேலு காதைப் பொத்திக்கொண்டான்.

"மெட்ராஸா? அங்க போனா மொத வேலையா கால அறுத்துடுவாங்க பாவா! ஒத்தக் கால வெச்சிக்கினு எந்தத் தறியில நான் ஒக்கார்றது? நான் வரல. அக்காவுக்குப் போட்டியே, அந்த மருந்தப் போடு. அதுக்குத்தான உன்னத் தேடி வந்தேன்."

"ஆங் மாப்ள, அதப் போடுங்க" என்றாள் பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு வராதா என்று ஏங்கினவன் தேசப்பன். கேட்டு வந்துவிட்டது. ஆனால் அவன் குனிந்து அந்தக் காலை மறுபடி ஒரு தடவை பார்த்தான். பேப்பரில் படிக்கிற புண் வேறு, கண்ணெதிரே மச்சான் காலில் இருக்கிற புண் வேறு. வண்டியைக் கடை வாசலுக்கே திருப்பச் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் கோணியைத் தூக்கிப் பார்த்தான். களி கெட்டுக் குழைந்து கிடந்தது. மேலே பச்சை இருந்தது, கறுப்பும் இருந்தது, நடுவில் ஏதோ ரோஜா நிறத்திலும் இருந்தது. போன தடவை இந்த ரோஜா நிறம் இருந்ததா இல்லையா? எது மருந்து? பச்சையா, கறுப்பா? எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை.

பின்கட்டில் வரலட்சுமி தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ஒரு விஷயம் நெஜமா சொல்லு. அன்னிக்கு நான் கட்டின மருந்து, கட்டினதும் எப்டி இருந்திச்சி? எரிஞ்சிதா, குளுகுளுன்னு இருந்திச்சா?"

வரலட்சுமி கரண்டியை நிறுத்தினாள். அவனைப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்போ?"

"ஒன் தம்பி கால்ல அதத்தான போடச் சொல்றான்."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "நீங்க கோச்சிக்கக்கூடாது. நீங்க கட்டிட்டு அந்தாண்ட கடைக்குப் போனதும் நான் அவுத்துடுவேங்க. இன்னா நாத்தம் தெரியுமா? வாந்தி வந்துடும். வெந்நி வெச்சி, சோப்பு போட்டு, அந்த நாத்தம் போற வரைக்கும் தேச்சித் தேச்சிக் கழுவிட்டு வெள்ளைத் துணியக் கட்டிக்குவேன். மறுபடி நீங்க வந்து கட்டுவீங்க, மறுபடி கழுவுவேன். ஒரு நாளும் அது என் கையில ஒரு நாழி தங்கினதில்ல."

 தேசப்பனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. "அப்போ ஒனக்கு எதுல ஆறிச்சி?"

"அம்மா குடுத்த சந்தனத்துலதான். வேற எதுல?"

வாசற்படியில் பூவம்மாள் நின்றிருந்தாள். மகனுக்குக் கஞ்சி வாங்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ... வரலட்சுமி, அது சாமி சந்தனமில்லடி."

"இன்னாம்மா சொல்ற?"

"மலையேறத்தான் போனேன். படியாண்ட நம்மூர் ஆளு ஒருத்தரு எதிர்ல வந்து, ஒங்க பங்காளி வூட்டுப் பெரியவரு விடியக்காலம் போயிட்டாருன்னு சொல்லிட்டாரு. தீட்டு வந்துடுச்சி. தீட்டோட எப்டிடி மலையேறுவேன்? சும்மா கையோட வந்தா நீ ஒடஞ்சி பூடுவ. அதான் அடிவாரத்துக் கடையில ஒரு சந்தன வில்ல வாங்கிக்கினு வந்து சாமி சந்தனம்னு சொன்னேன். பூஜ பண்ணதில்ல, ஒண்ணுமில்ல. சாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னமேன்னு இன்னிக்கும் நெஞ்சு அடிச்சிக்குது. அது கேட்டிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் மாப்ள மருந்துதான் கேட்டுச்சின்னு ஊரெல்லாம் சொன்னேன்."

ஆக, அம்மாவை நம்பி மகள், மருமகனை நம்பி மாமியார். ஒருத்தி கழுவிவிட்டாள், ஒருத்தி கடைச் சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். நல்ல குடும்பம்!

"போவட்டும், டாக்டர் மாத்திரை இருந்திச்சே" என்று பூவம்மாள் தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "அதுல ஆறியிருக்கும்."

இரண்டு பேரும் தேசப்பனைப் பார்த்தார்கள். மாத்திரைகளைத் தினமும் அவன்தான் எடுத்துக் கொடுத்தது. 

"அது... மாத்திரை குடுக்கல" என்றான்.

"இன்னா குடுக்கல? தெனம் ரெண்டு வேள முழுங்கினனே!"

"அது கடையில வெச்சிருக்கற சோடா உப்ப உருட்டினது."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இத பாரு, ரெண்டையும் ஒண்ணா குடுத்தா எது கேட்டுச்சின்னு தெரியாமப் போயிடுமே. சயன்ஸுல அப்டிப் பண்ணக்கூடாது. ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும். அதுக்காகத்தான்..."

வரலட்சுமி எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமையில் பேசாதவள்.

"என் கைய வெச்சி ஆட்டம் ஆடிப் பாத்தியா நீ? ராவெல்லாம் நான் அனத்திக்கினு கெடந்தேன். பக்கத்துல ஒக்காந்து விசிறினியே! விசிறிக்கினே இதப் பண்ணியா? கை போயிருந்தா?"

 கை போயிருந்தால் என்கிற கேள்வி அன்றைக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது. ராத்திரி விசிறினதும் நிஜம்தான், உப்பை உருட்டினதும் நிஜம்தான். இரண்டையும் செய்தவன் ஒரே ஆள் என்பதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

பூவம்மாள் மகளின் கையைப் பிடித்து, தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்போ இது இன்னாத்துலதாண்டி ஆறிச்சி?"

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு நன்றாக இருந்தது.

வாசலில் ராஜவேலு முனகுவது கேட்டது. சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தான். தேசப்பன் எழுந்தான். எதில் ஆறியது என்று தெரியாமல் போகட்டும், எதில் ஆறவில்லை என்றாவது தெரிந்துவிட்டதே, அதைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஊரில் மானம் போகும், போகட்டும். வண்டிக்குள் தலையை நீட்டி, ஒன்று விடாமல் சொன்னான். களி, சோப்பு, கடைச் சந்தனம், சோடா உப்பு, எல்லாம்.

"என் மருந்து ஒண்ணும் கேக்கலடா ராஜவேலு. அத நம்பாத. கெளம்பு, ரயிலுக்கு நேரமாவுது."

ராஜவேலு அவனையே உற்றுப் பார்த்தான். காய்ச்சலில் கண் ஜிவ்வென்று சிவந்திருந்தது. உதடு கோணியது.

"அக்காவுக்குன்னா குடுப்ப. எனக்குன்னா இல்ல, அதான?"

"டேய்..."

"பொங்கலுக்கு நான் ஒனக்கு வேட்டி எடுத்துக்கினு வரலன்னு மனசுல வெச்சிக்கினுகீற. நூலு கிடைக்கலன்னு சொன்னேன், நீ நம்பல. சரி பாவா. நான் இங்கயே கெடந்து சாவறேன். ஒன் மருந்து ஒனக்கே இருக்கட்டும்."

பொங்கல் வேட்டியா! தேசப்பனுக்கு அது மறந்தே போயிருந்தது. சத்தியம் செய்தான். பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னான். வரலட்சுமி சொன்னாள். "நீயும் அவரு பக்கம் சேர்ந்துக்கினியா அக்கா?" என்று ராஜவேலு வண்டித் தட்டியின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பூவம்மாள் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் சொந்த மச்சான் நம்ப மாட்டேன் என்கிறான். இதற்கு எந்தப் பேப்பரிலும் விளக்கம் வந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

தூரத்தில் ரயிலுக்குச் சிக்னல் கை இறங்கியது. தேசப்பன் கடைக்குப் பின்னால் ஓடினான். பானையைத் தூக்கி, அதன் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, கொண்டுவந்து ராஜவேலுவின் மார்மேல் வைத்தான்.

"இந்தா மருந்து. ஆனா ஒன் புண்ணு உள்ள போயிடுச்சி, மேல பூசினா எடுக்காது. இத ஊசியில ஏத்தணும். அந்த ஊசி மெட்ராஸ்லதான்கீது. நான் கூட வரேன். என் கண்ணெதிர்ல போடச் சொல்றேன். ஒன் காலத் தொட வுட மாட்டேன்."

ராஜவேலு பானையைக் கட்டிக்கொண்டான். முகம் தெளிந்தது. "அப்டிச் சொல்லு பாவா" என்றான்.

அரக்கோணத்தில் வண்டி மாறி மெட்ராஸ் போய்ச் சேரும் வரைக்கும் அவன் அந்தப் பானையைக் கீழே வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கொரு ஊசியாகப் போட்டார்கள். இரண்டு விரலை மட்டும் எடுத்தார்கள். கால் தங்கியது, உயிர் தங்கியது. ராஜவேலு தேறும்வரை தேசப்பன் ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே கிடந்தான். ஒரு நாள், பார்க்கச் சாதுவாக இருந்த ஒரு சின்ன டாக்டரிடம் பானையைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்தும் பூசணம்தான், இதுவும் பூசணம்தான். ஆனா எல்லாப் பூசணமும் மருந்தில்லை. சிலது ஆளையே கொன்னுடும்."

"எது எதுன்னு எப்டிங்க கண்டுபிடிக்கறது?"

"கண்ணால பாத்துத் தெரியாது."

"அப்போ என் சம்சாரத்துக்கு எதுலங்க ஆறிச்சி? ஒண்ணுமே குடுக்கலீங்க. பாவம், அவ கையக் கழுவிக்கினே இருந்தா, அவ்ளோதான்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். திரும்பி வருவார் என்று தேசப்பன் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றான். வரவில்லை. பானையைக் கூவத்தில் போட்டுவிட்டு, மருந்தையெல்லாம் டாக்டர் வாங்கிக்கொண்டார் என்று ராஜவேலுவிடம் சொன்னான்.

ஊருக்கு வந்ததும் தேசப்பன் பேப்பர் பொறுக்குவதை விட்டான். சோடா குடிக்க வந்தவர்கள் குடித்துவிட்டுச் சும்மா போனார்கள். அவர்களே இரண்டொருவர், "இன்னாபா, புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலியா?" என்று சீண்டினார்கள். வரலட்சுமி மறுபடி நீங்க என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அவன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் போல இருந்தது.

தை பிறந்ததும் ஒரு நாள் பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். பேர் தேவகி என்றாள். ராஜவேலு தெருவில் தறி நெய்கிறவன் சம்சாரம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கழுத்தில் பெரிய கட்டி, பழுத்துக் கனன்றுகொண்டிருந்தது. குழந்தை அழக்கூட இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ராஜவேலு அண்ணன் கால்ல போட்டீங்களே, அந்த மருந்து கொஞ்சம் குடுங்கண்ணா. மூணு ஊரு வைத்தியம் பாத்துட்டேன்."

தேசப்பன் கும்பிட்டான். "அம்மா, அது என் மருந்து இல்ல. ஆஸ்பத்திரி ஊசி. என் மருந்துல ஒரு எழவும் இல்ல. நான் அவனுக்குச் சொன்னது பொய். நீ இப்டியே மெட்ராஸுக்குப் போ, இல்ல கொழந்த தங்காது."

தேவகி நகரவில்லை. கொஞ்சமாகச் சிரித்தாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"மொதல்ல அப்டித்தான் சொல்லுவாருன்னு ராஜவேலு அண்ணன் சொன்னாரு. இல்லன்னு சொல்லுவாரு, பொய்யின்னு சத்தியம் பண்ணுவாரு, நீ கால வுடாத, அப்புறம் பானையோட எடுத்துக் குடுப்பாருன்னு சொன்னாரு. எங்கூர்ல எல்லாருக்கும் சொல்லிகீறாரு."

எல்லாருக்குமா! தேசப்பன் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான். இன்னும் எத்தனை பேர் இந்தப் பேச்சை நம்பிக்கொண்டு வீட்டிலேயே சீழோடு காத்திருக்கிறார்களோ? உண்மையைச் சொல்லச் சொல்லப் பொய் கெட்டிப்படுகிறதே, எந்தப் பக்கம் இழுத்தால் இந்த முடிச்சு அவிழும்? ஒன்றும் புரியவில்லை. புரிந்ததெல்லாம் குழந்தையின் வாய் திறந்து மூடுவது ஒன்றுதான்.

உள்ளே திரும்பினான். வரலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், காலையில் கிளறின களியைப் பானையோடு எடுத்து, வாயில் துணியைக் கட்டி, அவன் கையில் கொடுத்தாள். "சட்டையப் போட்டுக்கினு போங்க. கடைய நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரயிலில் கூட்டம். எப்படியோ நெருக்கி இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். தேசப்பன் மடியில் இருந்த பானையை தேவகி கவலையோடு பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"அண்ணா, நீங்க கீழ போட்டுடப் போறீங்க, இப்டிக் குடுங்க" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் போட்டுவிட்டு, பானையை வாங்கி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையின் உடம்பு வேட்டிக்கு மேலே நெருப்பாகச் சுட்டது. அரக்கோணம் வர இன்னும் நேரம் இருந்தது.